இன்னும் விடல

கிரகணம் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் படித்தவர்கள் மொட்டைமாடியில் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பார்த்தவரைக்கும் போதும், சாமி.

அப்போது எனக்குப் பத்து வயது. இண்டூர்ப் பக்கம் ஒரே வீட்டில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று குடும்பமும் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் பெங்களூரில் வேலை பார்த்தார்கள். வீட்டில் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். சித்திக்கு எட்டாம் மாதம்.

பங்குனியில் அந்தக் கிரகணம் வந்தது. நாலு மணிக்கு முன்பே பிடித்து ஏழேகாலுக்கு விடும் என்று காலண்டரில் போட்டிருந்தது. நிலா வருவதே ஆறரைக்குத்தான். வராத நிலாவுக்குப் பயந்து, வெயில் கொளுத்தும்போதே சித்தியை உள்ளறையில் விட்டு, சன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டி, கதவைப் பூட்டிவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. கர்ப்பிணி மேல் கிரகணம் பட்டால் பிள்ளை ஊனமாகிவிடுமாம்.

ஐந்தரைக்குச் சித்தி உள்ளிருந்து கூப்பிட்டாள். “அக்கா, இடுப்பு விட்டு விட்டு வலிக்குதுங்க்கா.”

“சூட்டு வலிதான். கெரகணம் விட்டதும் பாத்துக்கலாம், படு,” என்றாள் பெரியம்மா.

என் அம்மா மட்டும் மெல்ல, “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாங்க்கா, கார் நிக்குதே,” என்றாள்.

“புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ பொறுப்பேத்துக்கறயா?”

பெரியப்பா கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கு பார்த்த வாசலில் உட்கார்ந்திருந்தார். தருமபுரி அரைமணி நேரத் தூரம்தான்.

காலண்டரை மட்டும் நம்பப் பெரியம்மாவுக்கு மனசில்லை. “காலண்டர்காரன் மாடியேறிப் பாத்தானா? நீ போய்ப் பாருடி. முழுசா விட்டதும் சொல்லு, அப்பத்தான் கதவைத் தொறக்கணும்,” என்று என்னை மாடிக்கு அனுப்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் யாரும் என் பேச்சை ஒரு பொருட்டாக எடுத்ததே இல்லை. அன்று வீடே என் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

கிழக்கே கரட்டுக்கு மேல் நிலா ஏறியது. கடித்து வைத்த ஒப்பட்டுப் போளி மாதிரி, மேல்பக்கம் ஒரு வாய் குறைந்து, பழுப்பாக இருந்தது.

“விட்டுச்சாடி?”

“இன்னும் விடல பெரீம்மா!”

கேட்கக் கேட்கச் சொன்னேன். குஷி தாங்கவில்லை. ஏழேகால் தாண்டியதும் நிலா முழுசாகிவிட்டது. துளிக் கறை இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், மறுபடி நான் வெறும் சின்னப்பிள்ளை. அதனால் மறுபடியும், “இன்னும் விடல,” என்றேன்.

“காலண்டர்ல ஏழேகாலுன்னு போட்டிருக்கே,” என்றார் பெரியப்பா.

“புள்ள கண்ணால பாத்துச் சொல்லுதுல்ல?” என்றாள் பெரியம்மா.

அப்படி இன்னும் மூன்று தடவை சொன்னேன். கீழே சித்தி அலறியதைக் கேட்டுப் பயந்துபோய்த்தான், “விட்டுருச்சு, விட்டுருச்சு,” என்று கத்தினேன். கதவைத் திறக்கும்போது மணி எட்டை நெருங்கிவிட்டது. தருமபுரி போய்ச் சேர்ந்தபோது வயிற்றில் அசைவில்லை. ஆண் பிள்ளை என்று பிறகு சொன்னார்கள்.

சன்னல் காகிதம் ஒரு மூலையில் கிழிந்திருந்ததைப் பெரியம்மா கண்டுபிடித்தாள். “எட்டிப் பாத்திருக்கா. சொன்னாக் கேட்டாத்தானே?” ஊரெல்லாம் அதே பேச்சு. பெங்களூரிலிருந்து வந்த சித்தப்பாவும் அதையே நம்பினார். அந்த மனுஷனை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. என்னை மட்டும் மன்னித்துவிட்டேனா என்ன?

பத்து நாள் கழித்து, படுத்திருந்த சித்தி என்னைக் கூப்பிட்டாள். “பாப்பா, நெலா எப்படி இருந்துச்சு? நான் பாக்கவேயில்ல.”

கையை வீசி வீசிக் காட்டினேன். சொல்லிக்கொண்டு வந்த வேகத்தில், “அது அப்பவே விட்டுருச்சு சித்தி, நாந்தான் சும்மா விடலைன்னேன்,” என்று சிரித்தேன்.

சித்தி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கையை ஓங்குவாள் என்று நினைத்தேன். “யாருகிட்டயும் சொல்லிராத, கண்ணு. அடிச்சே கொன்னுருவாங்க,” என்றாள்.

அந்த வாரமே அவளைப் பாப்பாரப்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்ப அழைக்கவே இல்லை. அவள் காரில் ஏறும்போதும் பெரியம்மா, “எட்டிப் பாத்துப் புள்ளையத் தின்னவ,” என்று காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. சித்தி பேச்சை அப்படியே கேட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.