தக்காளி லைனின் நஷ்டம்

“நீங்க மெஷினைப் பாருங்க மேடம், நம்பரை நாங்க பாத்துக்கறோம்” என்று கணக்கு மேலாளர் திலீப் சொன்ன அன்று சாயங்காலமே தேவயானி திருப்பதியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள். மேலாளர்களுக்கு நிதிக் கணக்கைப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு. ஆசைப்பட்டுச் சேரவில்லை, ஆத்திரத்தில் சேர்ந்தாள்.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு பழக்கூழ் ஆலையில் அவள் உற்பத்தி மேலாளர். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, உணவுத் தொழில்நுட்பம் படித்து, பாய்லர் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனவள். அந்த ஆலையில் ஆனி, ஆடியில் மாம்பழம் ஓடும். அது முடிந்தால் எட்டு மாசம் தக்காளி. தக்காளி லைனில் முப்பது பெண்கள். அந்த லைன் நஷ்டம் என்று இரண்டு வருஷமாகத் திலீப் கூட்டத்துக்குக் கூட்டம் ஓதிக்கொண்டிருந்தான். நஷ்டத்தைக் காட்டித்தான் ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரைக்குக் கொடுக்கிற போனஸையும் புடவையையும் நிறுத்தினார்கள். இப்போது லைனையே மூடப் போகிறார்களாம். தேவயானி வாயைத் திறந்தால் திலீப் திரையில் ஓர் அட்டவணையைப் போடுவான். அவள் பேந்தப் பேந்த விழிப்பாள். முப்பது பேருடைய பிழைப்பு போகிற இடத்தில் மேலாளர் என்று பேர் வைத்துக்கொண்டு விழிப்பதைவிடக் கேவலம் வேறு உண்டா?

வகுப்பு எடுத்த ஜமீலா அவளைவிட வயதில் சின்னவள். முதல் இரண்டு வாரம் பாதிதான் விளங்கியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தன்மேலேயே எரிந்து விழுந்துகொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் ஜமீலா சொன்னாள்:

“ஒரு பிரிவை மூடினா எந்தச் செலவு நிக்கும், எந்தச் செலவு நிக்காது? முதல்ல அதைக் கேளுங்க. நிக்காத செலவையும் அது தலையில கட்டிட்டு நஷ்டம்னு சொன்னா நம்பாதீங்க.”

தேவயானி அங்கேயே போனில் திலீப்பின் அட்டவணையைத் திறந்தாள். வாட்ச்மேன் சம்பளம், ஆபீஸ் சம்பளம், பாங்க் வட்டி, முதலாளியின் கார் டீசல், எல்லாப் பொதுச் செலவையும் ஒவ்வொரு லைனும் ஓடிய நாட்கணக்கில் பிரித்திருந்தான். மாம்பழம் ஓடுவது இரண்டே மாசம். தக்காளி எட்டு மாசம். அப்படியென்றால் பொதுச் செலவில் ஐந்து ரூபாய்க்கு நாலு ரூபாய் தக்காளி தலையில். கார் டீசலைத் தக்காளி நறுக்குகிற பெண்களா குடித்தார்கள்? பழம், கூலி, கரண்ட் என்று லைனின் சொந்தச் செலவு போக மாசாமாசம் பணம் மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. மூடினால் அந்த மிச்சம் போகும், கார் செலவோ நிற்காது. வகுப்பென்றும் பாராமல் மேஜையை ஓங்கி அடித்தாள்.

மறுநாள் முதலாளி கோவர்த்தனன் அறையில், திலீப்பை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். திலீப் ஏதோ முனகினான், பிறகு முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி சிரித்தார்.

“கரெக்டா புட்சிக்கினியேம்மா. நல்லாத்தான் படிச்சிக்கினு வந்துகீற.”

“அப்ப லைனை மூட மாட்டீங்க இல்ல சார்?”

“மூடத்தான் போறேன். பைபாஸ் வந்துட்ச்சி. அந்த தக்காளி ஷெட்டு கீற எடம் இன்னா வெல போவுது தெரியுமா? லாபத்துல ஓடுறத மூடுனா ஆளாளுக்குக் கேள்வி கேப்பான். நஷ்டம்னா எவனும் கேக்க மாட்டான். திலீப் எழுதுறது ஒர்த்தனுக்கும் புரியறதில்ல. நீதான் இப்ப கத்துக்கினு வந்துட்டியே, அந்த நஷ்ட ரிப்போர்ட்டை நீயே எழுதிக் குடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அது தெரியாமல் செய்த தப்பு என்று நினைத்து, விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்பி ஓடினாளே! தெரிந்தே செய்திருக்கிறான் பாவி. இப்போது அவள் படித்த படிப்பையே அந்தப் பெண்களின் கழுத்தில் கத்தியாய் வைக்கச் சொல்கிறான்.

“எழுத மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேராகத் தக்காளி ஷெட்டுக்குப் போய் பெல்ட்டை நிறுத்தினாள். முப்பது தலைகளும் நிமிர்ந்தன. லைன் ஆரம்பித்த நாளிலிருந்து நிற்கிற வரலட்சுமி பக்கத்தில் வந்தாள். தேவயானி ஒளிக்காமல் சொன்னாள்: கணக்கைப் பிரித்த விதம், மாசாமாசம் மிஞ்சுகிற பணம், பைபாஸ் நிலம், எல்லாவற்றையும்.

வரலட்சுமி கேட்டாள்:

“அப்ப நாங்க மெதுவா செஞ்சதால நஷ்டம் வர்ல?”

“இல்ல. ஒருநாளும் இல்ல.”

“லேட்டாவுதுன்னு சொன்னாங்களே மேடம். பாத்ரூம் போனா நேரம் போவுதுன்னு தண்ணியே குடிக்காம நின்னோமே, ரெண்டு வருஷமா. இந்த சரோஜாவுக்கு அதாலதான் ஒண்ணுக்குப் போற எடத்துல கல்லு வந்துச்சி. எங்களாலதான் நஷ்டம், எங்களாலதான் போனஸ் போச்சின்னு ஊட்ல சொல்லிக்கினு இருந்தோமே.”

தேவயானிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகையில்லை, அத்தனையும் கோபம்.

வரலட்சுமி கையுறைகளைக் கழற்றிப் பெல்ட்டின்மேல் எறிந்தாள். குழாயடிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். சொம்பைச் சரோஜாவிடம் கொடுத்தாள். சரோஜா குடித்து அடுத்தவளிடம் கொடுத்தாள். யாரும் அவசரப்படவில்லை. முப்பது பேரும் குடித்து முடித்தார்கள்.

“வா மேடம்” என்றாள் வரலட்சுமி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. “எங்ககிட்ட சொன்னத எங்க முன்னால அந்த மொதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லு. நாங்க உன் பின்னால நிக்கிறோம்.”