மூன்றாவது முடிச்சு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். சிரிக்காமல் கேளுங்கள்.

தைராய்டு நோயால் என் இரண்டு கண்ணும் வெளியே தள்ளிக்கொண்டு நின்ற காலம். எங்கள் ஊர் முரசுமோட்டையில் நான் வருவதைக் கண்டால் விதைநெல் சாக்கை மூடுவார்கள், என் பார்வை பட்டால் கண்ணூறாம். நோய் வந்தவளுக்கு இதுவா மரியாதை? இடக்கண் வேறு மங்கிக்கொண்டு வந்தது. கண்ணுக்குப் பின்னால் வீங்கிய தசை நரம்பை நெரிக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துத்தான் வைத்தியம் என்றார் டொக்டர். மூன்று மாதம் காத்திருந்து, ஒரு மத்தியானம் வவுனியா ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது.

உலோகம் ஆகாது என்று தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்கழுத்தோடு படுக்க எனக்கு மனமில்லை. உடை மாற்றும் அறையில் தனியாக நின்று மஞ்சள் கயிறு கட்டினேன், இரண்டு முடிச்சு. மூன்றாவதை நாத்தனார் போடுவதுதான் மலையகத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களின் வழக்கம். என் கணவரின் ஒரே தங்கை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனாள். அதனால் கல்யாணத்திலும் இரண்டோடு நின்றுவிட்டது.

கண்ணை அசைக்காமல் நேரே பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னைக் குழாய்க்குள் தள்ளினார்கள். தகரத்தில் அடிப்பது போல ஒரே சத்தம். அதற்கு நடுவே காதில் ஒரு பெண் குரல்: "அண்ணி, இடப்பக்கம் பாருங்கோ. அப்பிடியே வைச்சிருங்கோ."

முன்பின் தெரியாதவளுக்கு நான் என்ன அண்ணி என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் படம் எடுத்தவர் பாய்ந்தார். "நேரை பாக்கச் சொன்னனான்தானே அக்கா, ஏன் கண்ணைத் திருப்பினீங்கள்?"

"இஞ்சை வேலை செய்யிற உங்கடை பொம்பிளைப் பிள்ளைதானே இடப்பக்கம் பாக்கச் சொன்னவா!"

"இஞ்சை பொம்பிளையள் ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."

எனக்கு உச்சி கொதித்தது. காத்திருக்க வைத்ததும் இல்லாமல் பொய்க்காரியும் ஆக்குவதா? சண்டை பிடித்து, கெட்டுப்போன படத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் டொக்டர் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டார். "நேரை பாத்ததிலை ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. திருப்பினதிலைதான் நரம்பு நெரிபடுறது தெரியுது." அன்றே மருந்து ஏற்றினார்கள். இப்போது இடக்கண்ணால் பேப்பர் வாசிக்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஸ்கேன் எடுத்த அன்று வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்க்கப் பிடரியைத் தடவினேன். மூன்று முடிச்சு. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவது மட்டும் மறுபக்கமாகச் சுற்றிப் போட்டிருக்கிறது என்றார். பிறகு அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி இடக்கைக்காரி," என்றார் கடைசியில்.

ஊரே என் கண்ணுக்கு ஒளித்தது, அவள் மட்டும் கிட்ட வந்திருக்கிறாள். கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. குளிக்கும்போது விரல் அந்த முடிச்சில் பட்டால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.