கூப்பிட வருவார்கள்

மனுத் தாக்கல் நாளில் ரங்கன் விடுதி அறையின் கதவைச் சாத்துவதில்லை. விடியற்காலையிலேயே குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, வாசலைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிடுவான். மடியில் இங்கிலாந்து வரலாறு இருக்கும். பக்கம் மட்டும் புரளாது. கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி. அதற்குள், சொட்டுநீலம் போட்டு வெந்நீர்ச் செம்பால் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. பொங்கலுக்குக்கூட அவன் அதைப் போட்டதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி நூறு வருஷம் தாண்டிய அந்தக் கல்லூரியில் மாணவர் பேரவைத் தலைவனாக வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. ஜவ்வாது மலையில் அவன் ஊரில் பதவியைத் தேடிப் போகிற வழக்கம் கிடையாது. ஊர்த்தலைமைக்கு ஊர்க்கவுண்டர் வேண்டுமென்றால் நாலு பேர் தகுந்த ஆளின் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள். முதல் இரண்டு தடவை கூப்பிடும்போது அசையக் கூடாது. மூன்றாவது தடவைதான் எழுந்திருக்க வேண்டும். ரங்கனின் அப்பா அப்படி எழுந்தவர்.

"நம்மளே போயி நிக்கிறதா? அசிங்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான் ரங்கன்.

இப்படியே இரண்டு தேர்தல் போய்விட்டது. யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? மெஸ்ஸில் சண்டை வந்தால் தீர்த்துவைக்க அவன் வேண்டும், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வாங்கிவர அவன் வேண்டும். 'மலை, மலை' என்று பட்டப்பெயர் சொல்லி எல்லாரும் அவன்மேல் உயிரை விடுவார்கள். ஆனால் அவன் காத்திருக்கிற விஷயம் ஒருவருக்கும் தெரியாது. இது மூன்றாம் வருஷம், கடைசி வாய்ப்பு.

போன வருஷம் சின்னராசு வந்து சேர்ந்தான். அதே மலை, பக்கத்து ஊர், பங்காளி முறையில் தம்பி. பஸ் ஏறுவது முதல் குழாய் திருகுவது வரை சொல்லிக்கொடுத்தது ரங்கன்தான். ஆறே மாதத்தில் விடுதியே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. 'மலை' என்று யாராவது கூப்பிட்டால், "எந்த மலை? பெரிய மலையா, சின்ன மலையா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். வராந்தாவில் சேர்ந்து நடந்தால் யாருக்கு எத்தனை பேர் கை காட்டுகிறார்கள் என்று ரங்கன் எண்ணுவான். தம்பியின் சிரிப்புச் சத்தம் கேட்டாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவான்.

இன்று மூன்றரை மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. சின்னராசுதான். கையில் மனு.

"தலைவருக்கு நிக்கிறேண்ணா."

"உன்ன யாரு கூப்ட்டாங்க?"

"யாரும் கூப்டல. ஆபீஸ்ல கேட்டேன், குட்த்துட்டாங்க."

"நீயாவே கேட்டியா?"

"கேக்காம எப்டிண்ணா குடுப்பாங்க?"

ரங்கனுக்குக் காது சுட்டது. மூன்று வருஷமாக அந்த ஆபீஸைக் கடந்துதான் அவன் வகுப்புக்குப் போகிறான்.

"முன்மொழியறவங்கன்னு உங்க பேரை எழுதிட்டேன். நாலு மணிக்குள்ள பிரின்சிபால் முன்னாடி கையெழுத்து போடணுமாம். வாங்கண்ணா."

ரங்கன் அசையவில்லை. அரை மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், மனு செல்லாது. அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது.

"அண்ணா, வாங்கண்ணா. நேரமாவுது."

ரங்கன் புத்தகத்தைப் பார்த்தான். சின்னராசு அவனைப் பார்த்தான்; படிந்த தலையை, திறந்து கிடந்த கதவைப் பார்த்தான். அவனும் அந்த மலையில் பிறந்தவன்தானே. மெல்ல வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் கைகட்டி நின்றான்.

"அண்ணா, உங்களத்தான் கூப்ட வந்திருக்கேன். எழுந்து வாங்க."

ரங்கன் எழுந்தான். பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டான். கழுத்துப் பொத்தான்வரை மாட்டினான்.

"கையெழுத்து போடறதுக்கு இன்னாத்துக்குண்ணா புதுச்சட்ட?"

தம்பியைப் பின்னால் வரும்படி கையைக் காட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வராந்தாவின் நட்டநடுவில் ரங்கன் முன்னால் நடந்தான்.