பாதிக் கத்தி

போன வாரம் பாஸ்கர் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். இரண்டும் மடக்குக் கத்திகள். கூடவே குரல் செய்தி: "மாப்ள, மறுபடி மரம் செதுக்கலாம்னு இருக்கேன்டா. இதுல எத வாங்கலாம், சொல்லு. நீதான் இதுல கில்லாடி."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பச்சை வேப்பங்கட்டையின் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது.

தஞ்சாவூரில் படிக்கும்போது நாங்கள் இருவரும் விடுதியில் ஒரே அறை. அவன் நன்னிலம் பக்கம். சொந்த நிலம், போர்செட், வெளிநாட்டில் மாமா. நான் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டுகிறவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எதையும் பாடம்போல் படித்துவிட்டுத்தான் செய்வேன். சிரிக்காதீர்கள், இன்னும் அப்படித்தான்.

ஒரு புயலில் விடுதி வேம்பு சாய்ந்தது. அதன் கிளைகளில் செஸ் காய்கள் செதுக்கலாம் என்றது பாஸ்கர்தான். பிளேடு வைத்துச் செதுக்கி இருவரும் விரலை அறுத்துக்கொண்ட பிறகு, ஆளுக்குப் பாதி போட்டுக் கத்தி வாங்கக் கீழவாசல் கடைத்தெருவுக்குப் போனோம்.

அவன் கண் பளபளப்பான ஒன்றில் நின்றது. கத்தரி, ரம்பம், ஓப்பனர் எல்லாம் அதிலேயே இருந்தன.

"சோடா ஒடைக்க வந்தீங்களா தம்பி, மரம் செதுக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

நான் மரப்பிடி போட்ட, ஒரே அலகுள்ள கத்தியை எடுத்தேன். பிடி உள்ளங்கையை நிறைக்கிறதா, விரித்தால் அலகு ஆடுகிறதா என்று பார்த்தேன். அலகின் முதுகை அழுத்திப் பூட்டையும் சோதித்தேன். பூட்டு நழுவினால் அலகு மடங்கி விரலில்தான் உட்காரும்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க," என்றான் பாஸ்கர் கடைக்காரரிடம்.

ஒரு வாரம் அவன் பெட்டியில், ஒரு வாரம் என் பெட்டியில் என்று ஏற்பாடு. "நம்ம பேனாக்கத்தி எங்கடா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். குதிரைகள் எனக்கு, ராஜாவும் ராணியும் அவனுக்கு. மெஸ் சோற்றில்கூட மரத்தூள் கிடந்தது.

பக்கத்து அறையில் செல்போன் ஒன்று காணாமல் போனது. வார்டன் எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொன்னார். அது என் வாரம்.

"எதுக்குடா கத்தி?"

"செதுக்கத்தான் சார். ரெண்டு பேரும் சேந்து வாங்குனோம்."

வார்டன் பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் ஜன்னலில் வரிசையாக நின்ற காய்களைப் பார்த்தான்.

"இல்லீங்க சார். அவன் கத்தி."

அந்த நிமிடம்வரை அது பேனாக்கத்தி. அப்புறம் என் ஊரைக் கேட்டார்கள். ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார்கள். அவனிடம் கேட்கவில்லை.

மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். வார்டன் மேசைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "இதுங்களா ஐயா? நான் அருவாளோன்னு பயந்துட்டேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் படித்தால் அந்தத் துண்டு தோளிலேயே இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

விடுதியில் என் இடம் தப்பியது. வராந்தாவில் பாஸ்கர் காத்திருந்தான். "உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன் மாப்ள. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு."

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சுடா," என்றேன்.

பிடுங்கிய கத்தியில் வார்டன் கொய்யாப்பழம் நறுக்கித் தின்பார். "அந்தப் பேனாக்கத்திய எடுப்பா" என்று வாட்ச்மேனிடம் அவர் கேட்பது மெஸ்வரை கேட்கும்.

அந்த விடுதியை இடித்துவிட்டார்கள். வேம்பு நின்ற இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். நேற்று பாஸ்கரிடமிருந்து இன்னொரு செய்தி: "என்னடா பதிலே இல்ல? நம்ம கத்தி மாதிரி ஒண்ணு போதும்டா." நம்ம என்று இப்போது அவனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. இரண்டில் எது நல்லது என்று படத்திலேயே தெரிகிறது. எழுதத்தான் கை வரவில்லை.

இப்போது நான் இருக்கும் அறையில் மூன்று பேர். சேர்ந்து ஒரு குக்கர் வாங்கலாம் என்றார்கள். நல்ல பையன்கள்தான். அன்று சாயங்காலமே நான் மட்டும் போய் வாங்கிவந்துவிட்டேன். பங்கு தர வந்தவர்களிடம், "இருக்கட்டும், இது என்னுது," என்றேன்.