எரு கேட்காத பாசி

வேர் விடட்டும் என்று கொய்யாக் கிளையில் சுற்றியிருந்த பாலித்தீனைப் பாவாயி அக்கா பிரித்ததும் குப்பென்று நாற்றம் அடித்தது. உள்ளே வேர் இல்லை. பட்டை சீவிய இடம் கறுத்து அழுகியிருந்தது.

“பாசியோட வேற என்னங்கக்கா வெச்சீங்க?” என்று கேட்டேன்.

“வேற என்னத்தை வெப்பேன்? கோழி எருதான்.”

“எருவா?”

“பின்ன? சோறு போடாம எது வேர் உடும்?”

அவர் கணவர் காளிதாஸ் முட்டை அட்டைகளை அடுக்கியபடி சிரித்தார். “இவளை உட்டா காப்பிக்கே கோழி எரு போடுவாளுங்க டீச்சர்.”

“நீங்க சும்மா இருங்க. அந்தக் காப்பியத்தான தினமும் ரெண்டு தடவை கேட்டுக் குடிக்கிறீங்க?” என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். “எரு வேண்டாம்னா, அந்தப் பாசி எதத் தின்னு உசுரோட இருக்குது?”

“ஒண்ணும் தின்னாதுங்கக்கா. அதுக்கு வேரே கெடையாது. மரத்தப் புடிச்சுக்க நூலாட்டம் இருக்கும், அவ்வளவுதான். தண்ணிய இலையாலயே குடிச்சுக்கும்.”

“சோத்துச் செலவில்லாத சீவன்!” என்றார் அக்கா. பிறகு அழுகிய கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஆவணிக்குள்ள வேர் உட்டாகணும் டீச்சர்.”

நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் வீட்டை ஒட்டியதுதான் அவர்களுடைய கோழிப் பண்ணை. அக்கா மோகனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். விடிவதற்கு முன்பே முட்டை பொறுக்கத் தொடங்கிவிடுவார். கீறல் விழுந்த முட்டையைத் தட்டும் சத்தத்திலேயே ஒதுக்குவார். இரண்டாவது கோழிக் கொட்டாய்க்குப் பின்னால் தானாக முளைத்த கொய்யாவுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அவர்தான். உள்ளே சிவப்பான பழம். முட்டை ஏற்ற வரும் லாரிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கித் தின்பார்கள். “கோழியும் கொட்டாயும் ஊட்டுக்காரரோடது. இந்த மரம் என்னோடது” என்பார்.

அந்த இடத்தில்தான் மூன்றாவது கொட்டாய் வர வேண்டியிருந்தது. வேறு பக்கம் நிலம் இல்லை. அக்காவும் அதை மறுக்கவில்லை. ஆடியில் யாரும் கடைக்கால் தோண்ட மாட்டார்கள் என்பதால் மரத்துக்கு ஆவணி முகூர்த்தம் வரை உயிர் இருந்தது. விதை போட்டால் அதே பழம் வரும் என்ற உறுதி இல்லை. கிளையிலேயே பட்டையை வளையமாகச் சீவி, ஈரப் பாசியைச் சுற்றிக் கட்டி வேர்விடச் செய்யும் பதியம் ஒன்றுதான் வழி.

நான் கொல்லிமலையில் பள்ளி ஆசிரியை. வெள்ளிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை முதல் பேருந்தில் ஏறுவேன். பள்ளிக்குப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில், பலாமரம் ஒன்றின் நிழல்பக்கம் முழுக்கப் பாசி. நான் ஆங்கிலத்தில் படித்த பாடப் புத்தகத்தில் அதன் பெயர் தூயிடியம். ஒவ்வொரு இழையும் குட்டிப் பெரணி இலைபோல இருக்கும். பூ, விதை எதுவும் இல்லை. தூசிபோன்ற வித்துகளால் பரவும். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல விடும். முதலில் அக்காவுக்குக் கொடுத்ததும் அங்கிருந்துதான். தோட்டக்காரரிடம் கேட்டு இன்னொரு கைப்பிடி எடுத்து வந்தேன்.

இந்த முறை அக்கா அதை அலசி, பிழிந்து, வேறெதுவும் சேர்க்காமல் மூன்று கிளைகளில் கட்டினார். மிஞ்சிய பாசி முற்றத்து வெயிலில் சுருண்டு பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டது என்று நினைத்தாலும் தூக்கிப்போட மனம் வராமல், கோழிகளுக்கு வெக்கை தணிக்கக் கூரையடியில் பனிபோல் தண்ணீர் தெளிக்கும் ஃபாகருக்குக் கீழே ஒரு கல்லின் மேல் வைத்திருக்கிறார். சற்று நேரத்தில் மதில் ஓரமாக என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், ஓடி வாங்க! செத்தது எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு!”

சுருண்ட இழைகள் விரிந்து, பச்சை திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு கொட்டாய்க்குள் போகும்போதெல்லாம் அந்தக் கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முட்டைக் கூடையைத் தொடுவார்.

ஆடி முடியும் தறுவாயில் இரண்டு கட்டுகளில் பாலித்தீனுக்குள் வெள்ளை வேர்கள் தெரிந்தன. மூன்றாவது வரவில்லை. வேர்விட்ட இரண்டையும் வெட்டிப் பையில் நட்ட பிறகுதான் காளிதாஸ் மரத்தில் கோடரியை வைத்தார். அக்கா அன்று கொட்டாய்க்குள் இருந்தார், வெளியே வரவில்லை. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கன்றுகளுக்குக் குழி தோண்டியது காளிதாஸ்தான். “எருப் போடட்டுமா, வேண்டாமா?” என்று அவர் கேட்க, “மண்ணுக்குள்ள போனதுக்கப்புறம் போடலாம், அள்ளிக் கொண்டாங்க” என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது இரண்டும் என் தோள் உயரம். ஒன்று பூவெடுத்திருக்கிறது.

நட்ட வருடத்து ஐப்பசியில், மழையில் வெக்கை தணிந்ததால் ஃபாகரை நிறுத்திவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை விடியலில் பேருந்துக்குக் கிளம்பிய என்னிடம், ஈரத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார் அக்கா. கல்லின் மேலிருந்த பாசி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது.

“இத அந்தப் பலாமரத்துலயே, நிழலு பக்கமாப் பாத்து ஒட்டி வெச்சுருங்க சாமி. கூரைக்கடியில அதுக்கு இனி தண்ணி பத்தாது. எரு கிரு போட்டுறாதீங்க.”