நான் இஸ்தான்புல் விற்ற கதை

போகாத ஊருக்கு வழி சொல்லிச் சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று இருக்கிறதென்றால், அது பயண முகவர் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கிற தொழில்தான். வருகிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிப் பிழைக்கிற எவருக்கும் என் பாடு விளங்கும்.

தொண்ணூறுகளில், இலங்கையிலிருந்து வந்த புதிதில், இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் வியா மக்வேதா என்ற தெருவில் இருந்த ஒரு சின்ன நிலையத்தில் நிலம் துடைக்கத்தான் சேர்ந்தேன். துருக்கி ஹோட்டல்காரருக்கு ஆங்கிலத்தில் ஃபக்ஸ் எழுத ஆளில்லை என்று, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற முதலாளி அம்மா ஒருநாள் தும்புத்தடியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினா. அன்றிலிருந்து துருக்கிப் பயணம் முழுக்க என் தலையில். எனக்கென்றால் இஸ்தான்புல்லைக் கண்ணால் பார்க்க ஆசை. அங்கே திரும்பக் கால் வைக்க அதைவிடப் பெரிய பயம். ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு கோபுரம்

இளைப்பாறிய இத்தாலிய வாத்தியார் ஒருவர் வந்தார். பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். நீலப் பள்ளிவாசலுக்கு ஆறு கோபுரம், உள்ளே நீல ஓடு, எதிரே ஹகியா சோபியாவின் பழங்காலக் குவிமாடம், நிலத்துக்குக் கீழே தூண்கள் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. "நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்றார். வாய் தவறி, "மூன்று மாதம் இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

எது பிடித்தது என்று கேட்டால் என்ன சொல்ல? வேறு யாரோ ஒருவரின் பெயரில் ஒரு கள்ளப் பாஸ்போட். ஒரே அறையில் பதினான்கு பேர். களவாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் யன்னலுக்குப் பேப்பர் ஒட்டி, தலை காட்டினால் பொலிஸ் பிடிக்கும் என்று சொல்லியிருந்தான். பள்ளிவாசல் கிட்டத்தான், பாங்குச் சத்தத்தை வைத்துத்தான் எங்களுக்கு நேரம் தெரியும். ஆறு கோபுரத்தில் ஒன்றைக்கூட நான் காணவில்லை. இவ்வளவையும் அந்த மனுசனுக்கு ஏன் கொட்டினேனோ தெரியாது. அவர் விளம்பரத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாங்குச் சத்தத்தைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லையே. எழுதச் சொல்லுங்கள்."

போய்வர ரிக்கெற்

பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் நேப்பிள்ஸ் கப்பலுக்கு ரிக்கெற் எடுக்க வந்தார். சுவரில் இஸ்தான்புல் படத்தைக் கண்டதும் முகம் கறுத்துப் போய்விட்டது. அவரும் அந்த வழியால் வந்தவர்தான். ஏழு நாள் சுற்றுலா, போக வர எல்லாம் சேர்த்து என்று விளக்கினேன்.

அவர் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மேசையில் குனிந்தார். "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. துருக்கிக்குப் போறவை திரும்பி வாறதுக்கும் ரிக்கெற் எடுப்பினமே?"

மாதா வீடு

மன்னார் அக்கா ஒருவர், ஒரு டொக்டரின் மூன்று மாடி வீட்டைத் தனியாகக் கூட்டித் துடைக்கிறவ, மாதா வீட்டைப் பற்றி ஞாயிறு பூசையில் கேள்விப்பட்டு வந்தா. துருக்கியின் எபேசுவில் மாதா கடைசிக் காலத்தில் இருந்ததாகச் சொல்லும் கல்வீட்டின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டா. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தா.

"இவ்வளவுதானோ வீடு? அரை மணித்தியாலத்திலை துடைச்சுப் போடலாம். மாதா கெட்டிக்காரி, பிள்ளை."

வரிசை

வழமையாக ஆட்களைக் கூட்டிப்போகிறவர் காலை முறித்துக்கொண்டார். நீதான் போகவேண்டும் என்றா சிஞ்ஞோரா. வயிற்றுக்குத்து என்றேன், கோயில் திருவிழா என்றேன், பெர்மெசோ என்கிற வதிவிடக் கடிதம் சரியில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். கடிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நெஞ்சுதான் சரியில்லை. "இப்ப உம்மட சொந்தப் பேரிலைதானே பாஸ்போட்? போட்டு வாரும்" என்று வீட்டில் என் கணவர் பெட்டியை எடுத்துத் தந்தார்.

இஸ்தான்புல் விமான நிலையத்தில், கூட்டிவந்தவள் என்று நான்தான் வரிசையில் முன்னுக்கு. அதிகாரி என் பாஸ்போட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "முதல் தரமா?" என்று கேட்டார். ஓம் என்றால் பொய். இல்லையென்றால் எப்போது, எந்தப் பெயரில் என்று கேட்பார். எனக்குப் பின்னால், சுற்றுலாவில் சேர்ந்திருந்த அந்த வாத்தியார் நின்றார். நான் கூட்டிவந்த பதினாறு பேரில் என் கதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என் தோளுக்கு மேலால் எட்டி, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அவர் சொன்ன சொல்லுக்குத்தான் முத்திரை விழுந்தது, எனக்கு அழுகையும் வந்தது. "இவர் எங்களோடு வந்தவர். எங்கள் எல்லாருக்குமே இதுதான் முதல் தரம்."

மூன்று மாதம் குடியிருந்த ஊரைப் பார்க்க எனக்கு ஏழு நாள் சுற்றுலா ஒன்று தேவைப்பட்டது. அதையும் நானேதான் விற்க வேண்டியிருந்தது.