ஆமிக்குப் போகும் மகனுக்கு நற்சாட்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்தேன். மகன் இன்னும் அந்த இராணுவ உடுப்போடுதான் வேலையில் இருக்கிறான். நான் எழுதுவது அவனுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று பயம். ஏழாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன் என்பதால் எழுதக் கூச்சமும் இருந்தது. ஆனாலும் தொழுதுவிட்டு உட்காரும்போதெல்லாம் இது நெஞ்சில் வந்து நிற்கிறது. இன்றைக்கு இறக்கி வைக்கிறேன். பிழையிருந்தால் அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் மன்னார்க்காரர். துவக்குத் தூக்கி வந்த இயக்கப் பொடியன்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வெளியேறி, புத்தளத்தில் முகாமில் கிடந்து, பிறகு கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்து குடியேறினோம். மகன் இங்கேதான் பிறந்தான். சிலாபம் மீன் சந்தையில் வேலை செய்து சிங்களம் நன்றாகப் பேசப் பழகியிருந்தான். யுத்தம் முடிந்து சில வருடங்கள் போயிருக்கும். பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றான்.

“வாப்பா, நான் ஆமிக்குப் போட்டிருக்கிறன்.”

“என்னத்தப் போட்ட?”

“விண்ணப்பம். நேர்முகமும் முடிஞ்சுது. எடுப்பாங்க போல.”

குழாயைத் திருப்ப மறந்து நின்றேன். ஒரே பாத்தியில் தண்ணீர் நிரம்பி வரம்பு உடைந்தது.

“இங்க உனக்கு என்ன குறை?”

“குறை இல்ல வாப்பா. சந்தையில பெட்டி தூக்குறவனுக்குப் பேரே இல்ல. ‘ஏய்’ என்டுதான் கூப்புடுறாங்க. இது அரசாங்க வேலை.”

“துவக்கோட ஒருத்தன் வாசல்ல வந்து நின்டா வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு வயிறு என்ன செய்யும் என்டு உனக்குத் தெரியாது மகன். எனக்குத் தெரியும். நீ அப்படி யாருக்கு முன்னாலயும் நிக்கக் கூடாது.”

“நான் அப்படி நிக்க மாட்டன் வாப்பா.”

நல்ல பிள்ளைதான் சொல்கிறான். ஆனால் எங்கள் வாசலில் நின்றவனும் ஏதோ ஒரு வீட்டுக்கு நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருப்பான்.

வீட்டில் மனைவி அழுதாள். ஊருக்குச் சொல்லவில்லை. ஆளுக்கொரு கதை கதைப்பார்கள் என்று மூடி வைத்தோம். துஆவில் என்ன கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை. எடுக்க வேண்டாம் என்று கேட்டால் பிள்ளையின் ஆசைக்கு எதிராகக் கையேந்தியதாகிவிடும். எடுக்கட்டும் என்று கேட்க நாக்கு எழவில்லை. நன்மையானதைத் தா என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்புவேன்.

அஸர் தொழுகை முடிந்து வரும்போது ஒரு நாள் எங்கள் வேலிக்கு முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள் நின்றது. ஆமிக்கு எடுப்பதற்கு முன் ஆள் எப்படி என்று ஊரில் விசாரிப்பார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. முகாம் நாளிலிருந்து எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போலீஸ் வந்து எந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும், என்ன ஏது என்று விசாரிக்காமல் எல்லோரும் கூடி நின்று நல்லது சொல்வார்கள். மகன் எதிலோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்து அன்றைக்கும் ஓடி வந்துவிட்டார்கள். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் முன்வீட்டுக் கடைக்காரர் கடையைத் திறந்தபடியே விட்டு வந்து மொழிபெயர்க்க நின்றார்.

“தங்கமான புள்ள மாத்தையா! சுபஹுத் தொழுகைக்குப் பள்ளியில முதல் வரிசையில நிப்பான்,” என்றார் ஒருவர்.

“சிகரட் பத்துனத ஊர்ல ஒருத்தரும் கண்டதில்ல.”

நாங்கள் தாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா முக்காட்டை இழுத்துவிட்டு முன்னால் வந்தார். “அவனா சண்டை பிடிச்ச? கோழி அறுக்கக் கூப்பிட்டாலே கண்ணப் பொத்திக்கிட்டு ஓடுற ஆள்!”

கடைக்காரர் அதையும் சிங்களத்தில் சொன்னார். போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியென்றால் ஆமியில் இவன் என்ன செய்யப் போகிறான் என்று கேட்டாராம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர் மொழிபெயர்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமிக்கா நானா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தகப்பன் நீங்கதானே, மகன்ட நடத்தையில குறை ஏதும் இருக்கா என்டு கேக்குறாரு. நானா, உங்களுக்கு விருப்பமில்ல என்டு முகத்துலயே தெரியுது. கஞ்சா குடிக்கிறான் என்டு சொல்லட்டா? நீங்க வாயத் திறக்க வேணாம். பாவம் எனக்கு வரட்டும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையசைப்பில் மகன் வீட்டோடு நின்றுவிடுவான். ஆனால் பெற்ற பிள்ளைமேல் பொய்ச்சாட்சி சொன்னவன் மறுநாள் எந்த முகத்தோடு பள்ளியில் தொழுகை ஸஃப்பில் நிற்பது? போலீஸில் ஒருமுறை கெட்ட பேர் விழுந்தால் இந்த நாட்டில் எங்கள் பிள்ளைக்கு அது அழியுமா?

“உள்ளதச் சொல்லுங்க தம்பி,” என்றேன்.

“உள்ளது என்டா?”

“நல்ல புள்ள என்டு சொல்லுங்க.”

அவர் சொன்னார். போலீஸ்காரர் எனக்குக் கை தந்துவிட்டுப் போனார். மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. ஊராரோ, எங்கள் வாயாலேயே அனுப்பிவிட்டோமே என்று தங்களைத் தாங்களே ஏசிக்கொண்டார்கள். நான்தான் முதலிலேயே ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

மகன் போனான். பயிற்சி முடிந்து வடக்கே போட்டார்கள். முதல் லீவில் வந்தபோது மெலிந்து, கறுத்து, நேராக நடந்தான். சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தானாகவே சொன்னான்:

“வாப்பா, ரோட்டுல நிக்கிறன். ஒருத்தரையும் ஒன்டும் கேக்கிறதில்ல. முந்தநாள் ஒருத்தர் சைக்கிள்ல வந்தார், உங்கட வயசு இருக்கும். என்னக் கண்டதும் இறங்கி, தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வெச்சிக்கிட்டுக் குனிஞ்சி நடந்து போனார். போகட்டும் என்டு கையக் காட்டினன். அதுக்கும் நடுங்கிட்டார். நான் என்ன வாப்பா செய்யிற?”

“ஸலாம் சொல்லிப் பாரு மகன்,” என்றேன். “முஸ்லிம் இல்ல வாப்பா, தமிழாள்,” என்றான். “அப்ப வணக்கம் சொல்லு.” “சொன்னன். பதில் சொல்லல.”

அவன் போன பிறகு அந்தப் பெரியவருக்கும் சேர்த்துத் துஆ கேட்கிறேன். வேறு எதுவும் என் கையில் இல்லை.

இதைப் படிப்பவர்கள் யாருக்காவது சொல்வதானால் இருந்தபடியே சொல்லுங்கள். தகப்பன் பெருமையோடு அனுப்பினான் என்று கூட்டவும் வேண்டாம், காலில் விழுந்து தடுத்தான் என்று சேர்க்கவும் வேண்டாம். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னான், பிள்ளை போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது.